பன்னிரண்டாவது அலறல்

என் அண்ணியின் குரலை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அடித்துச் சொல்கிறேன். வேற்றுமொழிப் படங்களைத் தமிழில் பேசவைத்து டிவியில் போடுகிறார்களே, அதில் கட்டடம் இடிந்து விழும்போது "ஐயோ, ஓடுங்க ஓடுங்க!" என்று ஒரு பெண் கத்துவாள். பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிடும். ஒரு கிழவி "கடவுளே" என்று முனகுவாள். மூன்று பேரும் என் அண்ணிதான். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கிறவர்களுக்குப் பெயர் உண்டு, பேட்டி உண்டு. இவள் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிறவள். அதனால் ஸ்டுடியோவில் இவளுக்குப் பெயரே "கூட்டம் அக்கா". தனியாக மைக் முன்னால் போய் நின்று, அரை மணி நேரத்தில் ஓர் ஊரையே கதறவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள்.

நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். காத்திருக்கிறவர்களுக்காக அங்கே ஒரு டிவி ஓடும். உள்ளே டாக்டர் யாருக்கோ கடைவாய்ப் பல்லை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வெளியே டிவியில் அண்ணி அலறுவாள். உட்கார்ந்திருக்கிறவர்களில் ரெண்டு பேர் மெல்ல எழுந்து, "நாளைக்கு வரேம்மா" என்று நழுவிவிடுவார்கள். "உங்களால எங்க டாக்டர் பிழைப்பு போகுது அண்ணி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வீட்டில் அவள் மூச்சுகூடச் சத்தமாக விடமாட்டாள். தொண்டைதான் சோறு போடுகிறது, அதை வீணடிக்கக் கூடாது என்பாள். பேச்சே பாதி கையசைப்பு, பாதி கிசுகிசுப்பு. அவளோடு சமையலறையில் உட்கார்ந்து டீ குடிப்பதே ஒரு மாதிரி இருக்கும். எதிரே அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அவளே அலறுவாள். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது பாம்பு" என்பாள். இன்னொரு நாள், "இது மாடியிலேர்ந்து விழறது." அவளிடம் மொத்தம் பதினோரு அலறல்கள் இருந்தன. பாம்பு, தீ, திருடன், பிணத்தைப் பார்த்தது, இப்படி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, பெட்டியில் நகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தாள். எந்தப் படத்தில் எதைக் கொடுத்தாள் என்று கேட்டால் உடனே சொல்வாள். மறதி என்பதே கிடையாது.

அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே பெண். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். "தும்மல் வீரன்" முதல் பாகம் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஹீரோ தும்மினால் கூரை பறக்கும், லாரி பறக்கும், வில்லனின் கால்சட்டை பறக்கும். அசட்டுப் படம், ஆனால் சிரித்து மாளாது. நாங்கள் எல்லோருமாகப் போயிருந்தோம். பாப்பா படத்தையே பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கூட்டம் கத்தும் இடத்திலெல்லாம், "இதோ அம்மா! அங்க இன்னொரு அம்மா!" என்று கூவினாள். முன்சீட்டு ஆள் திரும்பித் திரும்பி முறைத்தார்.

அதே வருஷம் பாப்பா போய்விட்டாள். காலையில் காய்ச்சல். "சாதாரணக் காய்ச்சல்தான், நீ வேலைக்குப் போ, நான் லீவு போட்டுட்டுப் பார்த்துக்கறேன்" என்று அண்ணன்தான் அண்ணியை அனுப்பிவைத்தான். மத்தியானம் வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டுடியோவில் இருந்த அண்ணிக்கு அவன்தான் போன் செய்து சொன்னான். சொன்ன மறுநிமிஷம் லைன் அறுந்துபோயிற்று.

அண்ணி வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நேராகக் கட்டிலருகே போய், பாப்பாவின் கலைந்த தலையை விரலாலேயே கோதிப் பின்னிவிட்டாள். ரிப்பன் எங்கே என்று நர்ஸிடம் கேட்டாள். அன்றும் அழவில்லை, மறுநாளும் அழவில்லை, பதினாறு நாள் கழித்தும் அழவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஊருக்கெல்லாம் கத்துவா, பெத்த பிள்ளைக்கு ஒரு சத்தம் வரலை பாரு. கல்லு!" என்று வராந்தாவில் நின்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தி நான்தான். இதை எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சொல்லை அண்ணன் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஆறு வருஷமாக அவர்களுக்குள் இருந்த பேச்சு, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "சரி", "கதவைச் சாத்திக்கோ", அவ்வளவுதான். இந்த வருஷம் அவனே கேட்டு ஒரு தூரத்து ஊருக்கு மாற்றல் வாங்கிவிட்டான். திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறான், தனியாக. "ஒரு வருஷம்தான்" என்றான். திரும்பி வரமாட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். நான் பற்றவைத்தது, நான்தானே அணைக்க வேண்டும்? எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம்தான் "தும்மல் வீரன்" ரெண்டாம் பாகம் வந்தது. என் மகள், பத்து வயசு வாலு, சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். பாப்பா போன பிறகு அவள் தியேட்டர் பக்கமே போனதில்லை. ஆனால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இந்தப் படத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்ல" என்றாள் வழியில். "ரெண்டு வருஷமா எதுக்கும் கூப்பிடறதில்ல. என் பழைய சத்தத்தையெல்லாம் சேர்த்து வச்சிருக்காங்க, வேணுங்கறப்போ எடுத்துப் போட்டுக்கறாங்களாம். ஆனா நான் அதுல இருக்கேனாம், பார்த்தவங்க சொன்னாங்க. நான் போகாமலே நான் கத்தறேனாம். அது எப்படின்னு பார்க்கணும்."

தியேட்டர் நிரம்பி வழிந்தது, முக்கால்வாசி குழந்தைகள். படம் தொடங்கிப் பத்தே நிமிஷத்தில் ஹீரோவுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. மிளகுப் பொடி மூட்டையோடு அலையும் வில்லன் ஒருவன். சந்தையில் ஒரு தும்மல், ஜனங்கள் சிதறி ஓடினார்கள். வாலு கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, பாப்பா செய்ததை அப்படியே செய்தாள். "அத்தை, இது நீங்க! அங்க பின்னாடியும் நீங்க!"

"ஆமா. இது திருடன். அது தீ" என்று அண்ணி கிசுகிசுத்தாள். சிரித்தாள்கூட. இடப்பக்க ஸ்பீக்கரில் அண்ணி, வலப்பக்கத்தில் அண்ணி, முதுகுக்குப் பின்னால் அண்ணி குழந்தையாக அழுகிறாள், நடுவில் இவள் வாயை மூடிக்கொண்டு பாப்கார்னைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் பழைய சத்தங்கள். அதில் பாதி, பாப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த சத்தங்கள்.

அப்புறம் சவுரிக்கடைக் காட்சி வந்தது. ஹீரோ ஒரு சவுரிமுடிக் கடைக்குள் ஒளிந்துகொள்கிறான். மூக்கைப் பொத்துகிறான், அடக்குகிறான், முடியவில்லை. தும்மிவிட்டான். கடையிலிருந்த முடியெல்லாம் வௌவால் கூட்டம் போலப் பறந்து தெருவில் போகிறவர்கள் மேல் விழுந்தன. ஒரு குண்டு அம்மாவின் முகத்தில் ஒன்று அப்பிக்கொண்டது. அவள் அலறினாள்.

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. சினிமா அலறல் மேலே ஏறும். இது கீழே இறங்கியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, எங்கேயோ பாதாளத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. தியேட்டர் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. "அத்தை, சூப்பர்!" என்று வாலு கைதட்டினாள்.

"இது நான் இல்ல" என்றாள் அண்ணி.

"நீங்கதான் அத்தை!"

"என் குரல்தான். ஆனா நான் இல்ல. நான் இப்படிக் கத்தினதே இல்ல." இருட்டில் என் கையைப் பிடித்தாள். கை ஐஸாக இருந்தது. "என்கிட்ட பதினொண்ணுதான் இருக்கு. இது பன்னிரண்டாவது. இது யாரு?"

இடைவேளைக்குப் பிறகு அதே அலறல் இன்னும் ரெண்டு தடவை வந்தது. ஒன்று, பஞ்சு மூட்டைக்குள் விழுந்த வில்லனின் மாமியாருக்கு. இன்னொன்று, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கோழிக்கு. கோழி அலற, ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூன்றாம் தடவை நான் கூர்ந்து கேட்டேன். அலறல் முடிகிற இடத்தில் உதடு மூடுகிற சின்னச் சத்தம் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு சொல் வர ஆரம்பித்து, அதற்குள் வெட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அண்ணியும் தன்னை அறியாமல் உதட்டை அதேபோல மூடித் திறந்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் எனக்கு போன் செய்தாள். "குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டு அந்த மாதிரி கத்திப் பார்த்தேன். ஒரு மணி நேரமாப் பார்க்கறேன். எனக்கு அது வரல. என்கிட்ட இல்லாத சத்தத்தை எங்கேர்ந்து எடுத்தாங்க?" அப்புறம் இன்னும் தாழ்ந்த கிசுகிசுப்பில், "என் தொண்டைக்குள்ள யாரோ வந்து போயிருக்காங்க."

"சும்மா உளறாதீங்க அண்ணி" என்று அதட்டினேனே ஒழிய, விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். சவுண்டுக்காரர் அண்ணியைவிட இளையவர், தலை மட்டும் முந்திக்கொண்டு நரைத்துவிட்டது. "வாங்க கூட்டம் அக்கா, எத்தனை நாளாச்சு!" என்று எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். "பெண் அலறல், மிக அருமை" என்று பெயர் போட்டிருந்தது. பக்கத்தில் தேதி. நேரம், மூன்று பதினொன்று.

அண்ணி தேதியைப் படித்தாள். நானும் படித்தேன்.

"இது வெட்டி எடுத்தது" என்றார் அவர். "முழுசும் பழைய டிஸ்க்ல இருக்கு. கேட்கணுமாக்கா?"

"போடுங்க தம்பி."

அந்தச் சின்ன அறையில், பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, ஆறு வருஷத்துக்கு முந்தைய காற்று ஓட ஆரம்பித்தது. முதலில் ஒன்றுமில்லை, ஒரு பெண் மூச்சு விடுகிறாள். போன் அதிர்கிற சத்தம். மைக் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு மட்டும் இடுப்பில் செருகியிருந்தாளாம். "சொல்லுங்க" என்கிறாள். ரொம்ப நேரம் மௌனம். ஏதோ கீழே விழுந்து உடைகிறது. பிறகு அந்த அலறல். சினிமாவில் வெட்டிய இடத்தில் அது நிற்கவில்லை. "பாப்பா" என்றது. பாப்பா, பாப்பா, பாப்பா என்று நாற்பது விநாடி, மனுஷக் குரல் என்றே சொல்ல முடியாது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்புறம் ஸ்பீக்கரில் இன்னொரு குரல், உற்சாகமாக: "அக்கா, பிரமாதம்! ஓகே! இதையே வச்சுக்கலாம்!"

அது சவுண்டுக்காரரின் குரல். இப்போது எங்கள் எதிரே அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

இன்னும் முடியவில்லை. ஒரு நிமிஷம் அமைதி. பிறகு அண்ணியின் சாதாரணக் குரல், கொஞ்சமும் பிசிறில்லாமல்: "சரி தம்பி. அடுத்தது என்ன?"

"குழந்தைங்க சிரிப்புக்கா. சர்க்கஸ் சீன்."

அவள் சிரித்தாள். அந்தப் பதிவில் என் அண்ணி, ஆறேழு வயதுப் பெண் குழந்தை மாதிரி, கிளுக்கிளுக்கென்று வெகுநேரம் சிரித்தாள். அலறலைக் கேட்டுக்கூட நான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது சவுண்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு எரியற கட்டடத்துல ஒரு அம்மா குழந்தையைத் தேடற சீன்க்கா. மெஷினை ஓடவிட்டுட்டு டீ சொல்லப் போயிருந்தேன். கதவைத் திறக்கறப்போ அலறல் கேட்டுச்சு. உங்க முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது, முகம் தெரியல. நடிக்கறீங்கன்னு நினைச்சுட்டேன். மறுநாள் பாப்பா விஷயம் தெரிஞ்சதும் ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா போட்டுக் கேட்கப் பயமா இருந்துச்சு. அதுக்குள்ள அது சத்தம் சேர்த்து வைக்கற லைப்ரரிக்குப் போயிடுச்சு."

அண்ணி அவரைத் திட்டவில்லை. "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல தம்பி" என்றாள். "போன் வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிதான் ஞாபகம். நடுவுல நான் எங்க இருந்தேன்னே தெரியாம இருந்துச்சு. நானும் என்னைக் கல்லுன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அந்த அலறலை மட்டும் வெட்டி என் போனில் ஏற்றிக்கொடுங்கள், இப்போதே அண்ணன் காதில் போடுகிறேன் என்று குதித்தேன். நாளைக் காலையில் அவன் ரயில் ஏறிவிடுவான். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெட்டக் கூடாது. வெட்டினதைத்தான் ஊரே கேட்டுச் சிரிக்குதே. போட்டா முழுசாப் போடணும், சிரிச்சதையும் சேர்த்து. இல்லேன்னா வேணாம்."

"அண்ணி, அந்தச் சிரிப்பைக் கேட்டா அண்ணன் ஒரேயடியாப் போயிடுவான்!"

"போகட்டும். அதுவும் நான்தானே?"

சாயங்காலம் நாங்கள் போனபோது அண்ணன் கட்டில் மேல் பெட்டியைத் திறந்துவைத்துச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். "அண்ணா, ரெண்டு நிமிஷம் உட்கார்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்துவிட்டான். வராந்தாவில் அன்று நான் சொன்னதை என் வாயாலேயே திரும்பச் சொல்லி, அது பொய் என்றும் சொல்லி, முழுப் பதிவையும் ஏற்றி வந்த போனை மெத்தை மேல் வைத்து ஓடவிட்டேன். அண்ணி வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"சொல்லுங்க" என்று கேட்டதுமே அவன் வெளிறிப்போனான். அது அவனோடு பேசியது அல்லவா? அலறல் வந்தது. அவன் போனைப் பார்க்கவில்லை. வாசலில் வாய் மூடி நின்ற அவளையே பார்த்தான். அவள் உதடு அசையவில்லை, ஆனால் அந்த அறை முழுக்க அவள் பாப்பா பாப்பா என்று கதறிக்கொண்டிருந்தாள். அவன் மெல்ல எழுந்து ரெண்டடி வைத்தான். அப்போது "அடுத்தது என்ன?" என்று குரல் வந்தது. சிரிப்பு தொடங்கியது. அவன் அப்படியே நின்றுவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்து நான் போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்" என்றான். கடைசிச் சிரிப்பு வரை நின்று கேட்டான். பிறகு கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உனக்கு போன் பண்ணி வச்சேனா" என்றான் அவளிடம். சாப்பாடு, கதவு தவிர, ஆறு வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு. "கையில டாக்டர் முன்னாடி எழுதிக் கொடுத்த சீட்டு இருந்துச்சு. கீழ மருந்துக்கடைக்குப் போனேன். பெரிய வரிசை. நின்னேன். அரை மணி நேரம் நின்னேன். காய்ச்சல் மருந்து வாங்கினேன். கடைக்காரன் ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு சொன்னான், சரின்னேன். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டேன்டி அவன்கிட்ட." அவன் தோள் குலுங்கியது. "யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னு நினைப்பாங்க. இல்லேன்னா கல்லுன்னு நினைப்பாங்க."

அண்ணி வாசலை விட்டு உள்ளே வந்தாள்.

"அந்த மருந்தை என்ன பண்ணினீங்க?"

அவன் பெட்டியைப் பார்த்தான். "அதுலதான் இருக்கு. அடியில."

அவள் தரையில் மண்டியிட்டு, அவன் அடுக்கி வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். பாதிச் சட்டை எடுப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டு, தொண்டையைப் பற்றி நினைக்காமல், பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கும் அளவுக்கு அழுதாள்.